இஸ்லாமிய வங்கிகளின் உற்பத்தித்திறனும் செயல்திறனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இஸ்லாமிய வங்கி என்றாலே "வட்டி உண்டா, இல்லையா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தக் கேள்விதான் முதன்மையானது. ஆனால் வட்டியைத் தவிர்த்த ஒரு வங்கி மந்தமாகவும் வீண் செலவோடும் நடந்தால் அந்தச் சுமை யார் தலையில் விழுகிறது? பொருளுக்குக் கூடுதல் விலை கொடுக்கும் வாடிக்கையாளர் தலையிலும், குறைவான லாபப் பங்கு பெறும் வைப்பாளர் தலையிலும்தான். அமானிதமாக, அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்ட பணம் எவ்வளவு திறமையாகக் கையாளப்படுகிறது என்று கேட்பதற்கு வைப்பாளருக்கு முழு உரிமை உண்டு. அந்த வகையில் அடிக்கடி எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

உற்பத்தித்திறன், செயல்திறன் இரண்டும் ஒன்றுதானா?

நெருங்கிய உறவுடையவை, ஆனால் ஒன்றல்ல. ஊழியர், கிளை, கணினி, வைப்புப் பணம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு வங்கி எவ்வளவு நிதியுதவியும் சேவையும் வழங்குகிறது என்பது உற்பத்தித்திறன். அதே வளங்களைக் கொண்டு மிகச் சிறந்த வங்கி எட்டிய அளவோடு ஒப்பிட்டால் இந்த வங்கி எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பது செயல்திறன். கைப்பேசி வழிச் சேவை வந்ததால் ஒரு நாட்டின் எல்லா வங்கிகளிலும் உற்பத்தித்திறன் உயரலாம். அதே காலத்தில் உங்கள் வங்கி மற்றவற்றைவிட மெதுவாக முன்னேறியிருந்தால் அதன் செயல்திறன் குறைந்துவிட்டது என்றே பொருள்.

வட்டி வாங்காத வங்கிக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

வியாபாரம், வாடகை, கூட்டு ஆகிய மூன்றிலிருந்தும், சேவைக் கட்டணத்திலிருந்தும். வங்கி ஒரு பொருளை வாங்கி, தன் அடக்க விலையையும் லாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லித் தவணையில் விற்பது முராபஹா. சொத்தை வாங்கி வாடகைக்கு விடுவது இஜாரா. ஒருவர் பணமும் மற்றவர் உழைப்பும் போட்டு லாபத்தைப் பங்கிடுவது முளாரபா. இருவரும் முதல் போடுவது முஷாரகா. நடைமுறையில் முராபஹாவும் அதையொத்த விற்பனை ஒப்பந்தங்களுமே பெரும்பாலான வங்கிகளின் கணக்குப் புத்தகத்தை நிறைத்திருக்கின்றன. செயல்திறன் பற்றிய விவாதமும் அங்கேதான் சூடு பிடிக்கிறது.

இஸ்லாமிய வங்கியில் ஏன் இத்தனை படிவங்கள், இத்தனை கையெழுத்துகள்?

ஒரு முராபஹாவை அருகிலிருந்து பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு சிறு தொழிற்சாலைக்கு ஓர் இயந்திரம் தேவை என்று வைத்துக்கொள்வோம். வட்டி வங்கியாக இருந்தால் கடன் ஒப்புதல், கடன் பத்திரம், பணம் வழங்கல், அத்துடன் வேலை முடிந்தது. இஸ்லாமிய வங்கியில் முதலில் வாடிக்கையாளர் "வங்கி இந்த இயந்திரத்தை வாங்கினால் நான் அதை வாங்கிக்கொள்வேன்" என்று வாக்குறுதி தருகிறார். பிறகு விற்பனையாளரிடமிருந்து விலைப்புள்ளி வருகிறது. வங்கி தானே வாங்கலாம். இல்லையேல் வாடிக்கையாளரையே தன் முகவராக நியமிக்கலாம். முகவர் நியமனம் தனி ஆவணம். விற்பனையாளருக்குப் பணம் போகிறது. இயந்திரம் வங்கியின் உடைமைக்குள் வருகிறது. அதன்பிறகே வங்கி விற்க முன்வருகிறது, வாடிக்கையாளர் ஏற்கிறார், விற்பனை நிறைவேறுகிறது. அடக்க விலை, லாபம், தவணை எல்லாம் அப்போது உறுதியாகின்றன.

இதில் வரிசைதான் உயிர். வங்கி வாங்குவதற்கு முன்பே விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால், தன்னிடம் இல்லாத பொருளை விற்றதாகிவிடும். வாடிக்கையாளர் ஏற்கெனவே தன் பெயரில் பொருளை வாங்கிவிட்டுப் பிறகு வங்கிக்கு வந்தாலும் முராபஹா செய்ய வழியில்லை. உள் தணிக்கையில் இத்தகைய பிழை தெரியவந்தால், அந்தப் பரிவர்த்தனையில் கிடைத்த லாபத்தை வருமானமாகச் சேர்க்காமல் அறக்கொடைக்கு ஒதுக்கும்படி ஷரீஆ குழு (ஒப்பந்தங்கள் இஸ்லாமியச் சட்டமான ஷரீஆவுக்கு உட்பட்டவையா என்று பார்க்கும் அறிஞர் குழு) பணிக்கலாம். ஒரே ஒரு தேதி மாறிப்போனதால் மொத்த உழைப்பும் பயனற்றுப் போகும் என்பதை நினைத்துப் பாருங்கள். கிளை அதிகாரி ஒருவர் அந்த வரிசையை மனத்தில் பதித்துக்கொள்வது எந்தப் புதிய மென்பொருளைவிடவும் மதிப்பானது.

வங்கி வாங்கியதற்கும் விற்றதற்கும் இடைப்பட்ட நேரத்தில் இயந்திரம் தீயில் எரிந்தால் நட்டம் வங்கிக்கு. அந்த இடைவெளி சில மணி நேரமாக இருக்கலாம், சில வாரமாகவும் இருக்கலாம். அந்தப் பொறுப்பைச் சுமப்பதால்தான் லாபம் ஹலாலாகிறது, அதாவது மார்க்கம் அனுமதித்ததாகிறது. ஆகவே காப்பீடு, சரிபார்ப்பு, சொத்துப் பதிவு எல்லாம் செலவாகச் சேர்கின்றன.

அப்படியானால் இந்தப் படிகளைக் குறைத்தால் செயல்திறன் கூடிவிடுமே?

இந்த இடத்தில் என் கருத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன். ஒப்பந்தத்தைச் சுற்றியுள்ள தாமதத்தை வெட்டலாம், வெட்டவும் வேண்டும். ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தை வெட்டக் கூடாது. அதை வெட்டினால் கிடைக்கும் வேகத்துக்குச் செயல்திறன் என்று பெயரில்லை. வங்கி எதற்காகத் தொடங்கப்பட்டதோ அதை விட்டுக்கொடுத்து வாங்கிய வேகம் அது.

இதற்குக் கண்ணெதிரே ஓர் எடுத்துக்காட்டு தவர்ருக். வாடிக்கையாளருக்குத் தேவை ரொக்கம். வங்கி சந்தையில் ஒரு சரக்கை வாங்கித் தவணை விலையில் அவருக்கு விற்கிறது. உடனே அவர் சார்பில் அதே சரக்கை வேறொருவருக்கு ரொக்கத்துக்கு விற்று, பணத்தை அவர் கணக்கில் போடுகிறது. மலேசியாவில் 2009-இல் தொடங்கிய புர்ஸா ஸூக் அஸ்-ஸிலா என்னும் மின்னணுச் சந்தையில் கச்சா பாமாயில் போன்ற சரக்குகளைக் கொண்டு இந்தச் சங்கிலி மிக விரைவாக முடிந்துவிடுகிறது. செலவுக் கணக்கில் இதற்கு ஈடு கொடுக்க வேறு ஒப்பந்தம் இல்லை. ஆனால் அதே 2009-இல் ஷார்ஜாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி, வங்கியே எல்லாவற்றையும் ஏற்பாடு செய்யும் 'ஒழுங்குபடுத்தப்பட்ட தவர்ருக்' கூடாது என்று தீர்மானித்தது. அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. மலேசிய மத்திய வங்கியின் ஷரீஆ ஆலோசனைக் குழு இதை அனுமதிக்கிறது. இரு பக்க வாதங்களையும் மதிக்கிறேன். இருந்தாலும், ஒரு வங்கியின் நிதியுதவி முழுவதும் தவர்ருக் ஆகிவிட்டால், அங்கே உயர்ந்த செயல்திறன் மதிப்பெண்ணைப் பார்த்து மகிழ என்னால் முடியவில்லை. தொழிற்சாலைக்கு இயந்திரம் போய்ச் சேர்ந்த பரிவர்த்தனையும், வாடிக்கையாளர் கண்ணால்கூடப் பார்க்காத பாமாயில் கைமாறிய பரிவர்த்தனையும் பொருளாதாரத்துக்கு ஒரே பயனைத் தருவதில்லை.

செயல்திறனை ஆய்வாளர்கள் எப்படி அளக்கிறார்கள்?

எளிய வழி விகிதங்கள்: வருமானத்தில் நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம், ஓர் ஊழியருக்கு எவ்வளவு நிதியுதவி, சொத்துக்கு எவ்வளவு லாபம். இவை விரைவாகக் கிடைக்கும், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும்.

ஆகவே ஆய்வுகளில் எல்லைக்கோட்டு முறை பரவலாகக் கையாளப்படுகிறது. இதற்கு அடித்தளம் இட்டது 1957-இல் வந்த மைக்கேல் ஃபாரெலின் கட்டுரை. குறைந்த வளத்தில் அதிகம் சாதித்த வங்கிகளை இணைத்து ஒரு கோடு வரைகிறார்கள். கோட்டின் மீதே இருக்கும் வங்கிக்கு மதிப்பெண் 1. ஒரு வங்கிக்கு 0.80 என்று வந்தால், இப்போது தரும் அதே விளைவை ஏறத்தாழ 20 சதவீதம் குறைவான வளத்திலேயே தந்திருக்கலாம் என்று பொருள். கோட்டைக் கணித நிரலாக்கத்தால் வரைந்தால் அது டி.இ.ஏ. (Data Envelopment Analysis) முறை, 1978-இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் முன்வைத்தது. புள்ளியியல் வழியில் வரைந்து, நல்வாய்ப்பு, கெடுவாய்ப்பு போன்ற தற்செயல்களைத் தனியே பிரித்தெடுத்தால் அது எஸ்.எஃப்.ஏ. (Stochastic Frontier Analysis) முறை. ஆண்டுக்கு ஆண்டு மாற்றத்தைப் பார்க்க மால்ம்குவிஸ்ட் குறியீடு உதவும். ஒரு வங்கி முன்னேறியது தன் முயற்சியாலா, துறை முழுவதும் தொழில்நுட்பத்தால் நகர்ந்ததாலா என்று அது பிரித்துச் சொல்லும்.

இஸ்லாமிய வங்கிக்கு வரும்போது ஒரு சிக்கல் எழுகிறது. வைப்புப் பணத்தை எங்கே வைப்பது? வங்கியை இடைத்தரகராகப் பார்த்தால் வைப்பு ஒரு வளம். சேவை உற்பத்தியாளராகப் பார்த்தால் வைப்பு ஒரு விளைவு. முளாரபா முதலீட்டுக் கணக்கு வைத்திருப்பவரோ லாப நட்டத்தில் பங்காளி. கடன் கொடுத்தவர் அல்லர். அவரை எந்தக் கட்டத்தில் வைப்பது என்பதைப் பொறுத்து அதே வங்கியின் மதிப்பெண் மாறும். ஆய்வு முடிவைப் படிக்கும்போது முதலில் இதைத்தான் தேட வேண்டும்.

செலவு-வருமான விகிதத்தை மட்டும் பார்த்தால் போதாதா?

போதாது. ஏன் என்று ஒரு சிறு கணக்கில் காட்டலாம். ஒரு வங்கியின் நிதியுதவி வருமானம் 100. அதில் வைப்பாளர்களுக்குப் போகும் லாபப் பங்கு 40. ஊழியர் சம்பளம், கிளை வாடகை முதலிய நிர்வாகச் செலவு 24. மொத்த வருமானமான 100-ஐ வைத்துப் பார்த்தால் விகிதம் 24 சதவீதம். வைப்பாளர் பங்கு போக வங்கிக்கு எஞ்சும் 60-ஐ வைத்துப் பார்த்தால் 40 சதவீதம். வங்கி ஒன்றே, செலவும் ஒன்றே. வட்டி வங்கிகள் வழக்கமாக வட்டிச் செலவைக் கழித்த பிறகான நிகர வருமானத்தையே இந்த விகிதத்துக்கு எடுத்துக்கொள்கின்றன. 24 என்ற எண்ணை எடுத்து அவற்றோடு ஒப்பிட்டால் இஸ்லாமிய வங்கி மிகச் சிக்கனமானது போலத் தோன்றும். ஒப்பிடுவதானால் 40-ஐயே எடுக்க வேண்டும்.

என் வைப்புக்குக் கிடைக்கும் லாபம் மற்ற வங்கிகளின் வட்டியை ஒட்டியே இருக்கிறதே, ஏன்?

போட்டிதான் காரணம். பக்கத்து வங்கியில் அதிகம் கிடைத்தால் வைப்பாளர் அங்கே போய்விடுவார் என்ற அச்சம் வங்கிக்கு எப்போதும் உண்டு. லாபம் குறைந்த ஆண்டில் பங்குதாரர் பங்கிலிருந்து விட்டுக்கொடுத்தாவது வைப்பாளருக்கு வழக்கமான அளவைத் தருகிறார்கள். லாபம் கூடிய ஆண்டில் ஒரு பகுதியை, குறைந்த ஆண்டில் ஈடுகட்டுவதற்காக, லாபச் சமன்பாட்டு ஒதுக்கீடாக எடுத்து வைக்கிறார்கள். வைப்பாளர் ஏற்க வேண்டிய ஏற்றத்தாழ்வு இப்படிப் பங்குதாரர் தோளுக்கு இடம் மாறுகிறது.

இதனால் செயல்திறனுக்கு நேரும் கேடு கண்ணுக்குத் தெரியாதது. வங்கி நன்றாக நடந்தாலும் மோசமாக நடந்தாலும் வைப்பாளருக்கு ஒரே அளவு லாபம் வருமானால், மேலாளர்களைக் கேள்வி கேட்க யாருக்கும் தூண்டுதல் இல்லை. முளாரபாவின் அழகே அந்தக் கேள்விதான். ஒதுக்கீடு வைப்பதை நான் முற்றிலும் எதிர்க்கவில்லை. எவ்வளவு எடுத்தார்கள், எவ்வளவு திருப்பித் தந்தார்கள் என்று வெளியிடுவதைக் கட்டாயக் கடமையாக்க வேண்டும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? எது மேல்?

ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லும் ஆய்வு எதையும் நம்ப வேண்டாம். தோர்ஸ்டன் பெக்கும் அவருடன் பணியாற்றிய இருவரும் 2013-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், இரு வகை வங்கிகளின் தொழில் முறையில் வேறுபாடுகள் சொற்பமே என்று கண்டார்கள். இஸ்லாமிய வங்கிகள் செலவைக் கட்டுப்படுத்துவதில் சற்றுப் பின்தங்கியிருந்தன. ஆனால் திரட்டிய வைப்பில் அதிகப் பங்கை நிதியுதவியாக வெளியே அனுப்பின. அவற்றின் சொத்துகளின் தரமும் மூலதன வலுவும் மேலாக இருந்தன.

என்னைப் பொறுத்தவரை அதைவிடக் கூர்மையானது ஜான்ஸ், இஸ்ஸெல்தீன், பாப்பாஸ் மூவரும் 2004 முதல் 2009 வரையிலான தரவைக் கொண்டு செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் கேள்வியை இரண்டாகப் பிரித்தார்கள். இஸ்லாமிய வங்கிகளைத் தங்களுக்குள் ஒப்பிட்டால் எப்படி? அந்த வங்கி முறையை வட்டி முறையோடு ஒப்பிட்டால் எப்படி? மொத்த மதிப்பெண்ணில் இரு தரப்பும் ஏறக்குறையச் சமம். பிரித்துப் பார்த்தபோது, மேலாண்மைத் திறமையில் இஸ்லாமிய வங்கிகள் மேலே இருந்தன. முறை சார்ந்த மதிப்பெண்ணில் கீழே இருந்தன. பின்னதற்கு அவர்கள் சுட்டிய காரணம், ஒப்பந்தங்களும் சேவைகளும் தரப்படுத்தப்படாமல் இருப்பது. அதாவது நல்ல மேலாளர்கள் பாடுபட்டுச் சேமிப்பதை, ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் புதிதாக வடிவமைக்க வேண்டிய நிலை விழுங்கிவிடுகிறது. துறையில் எங்கே கை வைக்க வேண்டும் என்பதை இந்த ஒரு முடிவு காட்டிக்கொடுக்கிறது.

சர்வதேச நாணய நிதியத்துக்காக 2008-இல் சிஹாக், ஹெஸ்ஸே இருவரும் செய்த ஆய்வு செயல்திறனைவிட நிதி வலுவைப் பற்றியது. சிறிய வங்கிகளில் இஸ்லாமிய வங்கிகளும், பெரிய வங்கிகளில் வட்டி வங்கிகளும் வலுவாக இருந்தன என்பது அதன் முடிவு. வங்கி வளர வளர, பலதரப்பட்ட ஒப்பந்தங்களில் உள்ள இடர்களைக் கண்காணிப்பது கடினமாகிறது என்பதை அவர்கள் ஒரு காரணமாகக் குறிப்பிட்டார்கள்.

ஷரீஆ குழு ஒரு கூடுதல் செலவுதானே?

செலவுதான். தணிக்கையாளரும் செலவுதான், அவரை வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. ஷரீஆ குழு இல்லாத இஸ்லாமிய வங்கியை மக்கள் நம்ப மாட்டார்கள். நம்பிக்கை போனால் வைப்பும் போய்விடும்.

ஆனால் அந்தச் செலவில் வீணான பகுதி உண்டு. ஒரே நாட்டில் பத்து வங்கிகள், ஒரே வகை முராபஹாவுக்குப் பத்து விதப் பத்திரங்கள், பத்துக் குழுக்களின் தனித்தனி ஒப்புதல், பத்து வழக்கறிஞர்களின் கட்டணம். இதைத் தவிர்க்கவே பஹ்ரைனில் 1991-இல் அயோஃபி (AAOIFI) என்ற அமைப்பு உருவானது. கணக்கியலுக்கும் ஷரீஆவுக்கும் பொதுத் தரங்களை அது வெளியிடுகிறது. முராபஹாவுக்கு அதன் 8-ஆம் எண் ஷரீஆ தரம். ஐக்கிய அரபு அமீரகம் 2018 செப்டம்பர் முதல் அயோஃபி ஷரீஆ தரங்களைக் கட்டாயமாக்கியது. மலேசியா வேறு வழியில் போனது. 1997-இல் மத்திய வங்கியிலேயே ஷரீஆ ஆலோசனைக் குழுவை அமைத்து, பின்னர் 2009-ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டத்தால் அதன் முடிவுகள் நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் நிலையை உண்டாக்கியது. எந்த வழியாக இருந்தாலும் பலன் ஒன்று: கிளை அதிகாரிக்கு நாளை எது செல்லும், எது செல்லாது என்பது இன்றே தெரிந்துவிடும்.

கையில் அதிகப் பணத்தை முடக்கி வைக்கிறார்கள் என்கிறார்களே?

உண்மை. இதற்கு வங்கியை மட்டும் குறை சொல்வது அநியாயம். வட்டி வங்கிக்கு மாலையில் பணம் குறைந்தால் வேறு வங்கியிடம் ஓரிரவுக் கடன் வாங்கும், மிஞ்சினால் கொடுக்கும். மத்திய வங்கியின் கடன் சன்னலும் திறந்திருக்கும். அந்தக் கதவுகள் எல்லாம் வட்டியில் திறப்பவை. ஆகவே இஸ்லாமிய வங்கி முன்னெச்சரிக்கையாக அதிக ரொக்கம் வைத்துக்கொள்கிறது, இல்லையேல் தவர்ருக் போலச் சரக்கை வாங்கி விற்கும் சரக்கு முராபஹா வழியாகத் தரகுக் கூலி கொடுத்துப் பணத்தை நகர்த்துகிறது. முடங்கிய பணம் வருமானம் தராது. தரகுக் கூலி செலவைக் கூட்டும்.

தீர்வு குறுகிய கால ஸுகூக், அதாவது வட்டிக்குப் பதிலாகச் சொத்தின் வருமானத்தில் பங்கு தரும் பத்திரம். இதற்காகவே 2010-இல் கோலாலம்பூரில் சர்வதேச இஸ்லாமிய பணப்புழக்க மேலாண்மைக் கழகம் நிறுவப்பட்டது. 2013 ஆகஸ்டில் 49 கோடி டாலருக்கு அதன் முதல் ஸுகூக் வெளியானது. ஒரு நாட்டின் மத்திய வங்கி இத்தகைய வசதியை உள்ளூரில் செய்து கொடுக்காதவரை, அந்நாட்டு இஸ்லாமிய வங்கிகளின் செயல்திறன் மதிப்பெண்ணில் ஒரு பகுதி அவற்றின் கையில் இல்லை.

முளாரபா, முஷாரகா போன்றவை ஏன் இவ்வளவு குறைவு? அவைதானே இந்த முறையின் இலட்சியம்?

இலட்சியம்தான். பணம் போட்டவர் தொழிலின் உண்மையான லாபத்தை அறிந்தால்தான் பங்கு வாங்க முடியும். சிறு தொழிலில் கணக்கு எப்போதும் முழுமையாக இருப்பதில்லை. சில தொழிலதிபர்கள் லாபத்தைக் குறைத்துக் காட்டவும் கூடும். அதைக் கண்காணிக்கத் துறை அறிவுள்ள ஊழியர்கள் வேண்டும். பல நாடுகளின் வரிச் சட்டம் வட்டியைச் செலவாகக் கழிக்க அனுமதிக்கிறது. லாபப் பங்கை அப்படி அனுமதிப்பதில்லை. மூலதன விதிகளும் பங்கு முதலீட்டுக்கு அதிக மூலதனம் கேட்கின்றன. ஆகவே குறுகிய காலச் செலவுக் கணக்கில் முஷாரகா தோற்றுவிடுகிறது.

வீட்டு நிதியுதவியில் மட்டும் ஒரு வடிவம் நன்றாக வேரூன்றியிருக்கிறது. அது தேய்முக முஷாரகா. வங்கியும் வாடிக்கையாளரும் சேர்ந்து வீட்டை வாங்குகிறார்கள். வங்கியின் பங்குக்கு அவர் வாடகை தருகிறார், மாதந்தோறும் அந்தப் பங்கைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்கிறார். வீட்டின் லாபத்தை யாரும் மறைக்க முடியாது என்பதால் கண்காணிப்புச் செலவு மிகக் குறைவு. இதைத் தொழில் துறைக்கும் விரிக்க, வாடகைக்கு விடத்தக்க சொத்துள்ள தொழில்களிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம்.

வட்டி வங்கிகளுக்குள் இயங்கும் இஸ்லாமியப் பிரிவுகள் இன்னும் சிக்கனமானவையா?

பார்வைக்கு அப்படித்தான். கிளை, கணினி, பாதுகாப்பு எல்லாம் தாய் வங்கியுடையவை. பொதுச் செலவில் எவ்வளவு பிரிவின் கணக்கில் ஏறுகிறது என்பது தாய் வங்கியின் விருப்பம். ஆகவே எண்களை அப்படியே நம்ப முடியாது. இரண்டு கணக்குகளின் பணம் கலந்துவிடும் அபாயமும் உண்டு. கத்தார் மத்திய வங்கி 2011-இல் இத்தகைய பிரிவுகளை மூடும்படி உத்தரவிட்டது.

சட்டமும் வரியும் செயல்திறனைப் பாதிக்குமா?

மிக அதிகமாக. வீட்டை வங்கி ஒருமுறை வாங்குகிறது, வாடிக்கையாளர் மறுமுறை வாங்குகிறார். வட்டிக் கடனில் ஒரு விற்பனை, இங்கே இரண்டு. இரண்டுக்கும் முத்திரை வரி விதித்தால் நேர்மையான ஒப்பந்தம் செய்ததற்காகவே வாடிக்கையாளர் தண்டிக்கப்படுகிறார். பிரிட்டன் 2003-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் இந்த இரட்டை வரியை நீக்கியது. எந்த மேலாளரும் எத்தனை ஆண்டுகள் சிக்கனம் செய்தாலும் கிடைக்காத பயன் இப்படி ஒரே சட்டத் திருத்தத்தில் கிடைத்துவிடும்.

தவணை தவறினால் கூடுதல் பணம் வாங்கக் கூடாது என்றால் வங்கிக்கு இழப்புதானே?

விற்பனை முடிந்த பிறகு கடன் தொகையை உயர்த்தக் கூடாது. தாமதத்துக்காகப் பெறும் தொகை அறக்கொடைக்குப் போகிறது. வசூலுக்கு உண்மையில் ஆன செலவை மட்டும் ஈடு செய்துகொள்ளச் சில நாடுகளில் அனுமதி உண்டு. வட்டி வங்கிக்கோ தண்ட வட்டியும் ஒரு வருமானம்.

இதை இழப்பு என்று மட்டும் பார்ப்பது சரியல்ல. தாமதத்தில் லாபம் இல்லாத வங்கி, தாமதம் நேராமல் பார்த்துக்கொள்வதில் அக்கறை காட்டும். தொடக்கத்திலேயே தகுதியை நன்றாக ஆராயும், இரண்டாவது தவணை தவறும்போதே வாடிக்கையாளரை அழைத்துப் பேசும், உண்மையான நெருக்கடியில் இருப்பவருக்குக் கால அவகாசம் தரும். கடனாளி சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது குர்ஆன் (2:280). வசதி இருந்தும் இழுத்தடிப்பவரிடம் வேறு விதமாக நடந்துகொள்ள வேண்டும். இவ்விருவரையும் பிரித்தறியத் தெரிந்த வசூல் பிரிவுதான் ஓர் இஸ்லாமிய வங்கியின் உண்மையான சொத்து.

தொழில்நுட்பம் எந்த அளவுக்கு உதவும்?

தாமதத்தை வெட்டுவதில் பெரிதும் உதவும். மேலே சொன்ன முராபஹா வரிசையை மென்பொருளே காவல் காக்கலாம். விற்பனையாளரின் பட்டியலும் உடைமைச் சான்றும் பதிவேறாமல் விற்பனைப் பத்திரம் திறக்கவே திறக்காது என்று வைத்துவிட்டால், தேதிப் பிழை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஷரீஆ தணிக்கையாளர் கோப்புக் கட்டுகளைப் புரட்டுவதற்குப் பதிலாக விதிவிலக்குகளை மட்டும் பார்க்கலாம்.

ஆனால் பல வங்கிகளின் அடிப்படை மென்பொருள், அசல், வட்டி என்ற இரு பத்திகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. இஜாராவில் சொத்து வங்கியின் பெயரில் இருக்கிறது. தேய்மானம் கணக்கிட வேண்டும், பழுதானால் பெரிய பராமரிப்பு வங்கியின் பொறுப்பு, சொத்து பயன்படாத நிலைக்குப் போனால் வாடகை நிற்க வேண்டும். இதற்கெல்லாம் கடன் மென்பொருளில் இடமே இருக்காது. விளைவாக ஊழியர்கள் பக்கத்தில் ஓர் எக்செல் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு முறை பதிகிறார்கள். பிழையும் தாமதமும் பெருகுவது அங்கேதான். ஒட்டுப்போட்ட மென்பொருளை விட்டுவிட்டு, சொத்தை மையமாக வைத்து எழுதிய மென்பொருளுக்கு மாறுவது முதலில் செலவு வைக்கும். தயங்காமல் செய்ய வேண்டிய செலவு அது.

செலவும் லாபமும் மட்டும்தானா அளவுகோல்?

இல்லை. 1963-இல் எகிப்தின் மித் கம்ர் நகரில் அஹ்மத் அந்-நஜ்ஜார் தொடங்கிய சேமிப்பு வங்கியை எண்ணிப் பாருங்கள். வங்கி வாசலையே மிதிக்காத கிராமத்து மக்களின் சிறுசேமிப்பைத் திரட்டுவதற்காக எழுந்தது அது. அதே ஆண்டு மலேசியாவில் ஹஜ் பயணத்துக்குச் சேமிப்போருக்கான நிறுவனமும் செயல்படத் தொடங்கியது. பிற்காலத்தில் தாபுங் ஹாஜி என்று பெயர் பெற்றது அதுதான். இன்றைய பெரிய வணிக வங்கிகளுக்கு முன்னோடிகள் இவை. சிறிய தொகையுள்ள ஆயிரம் கணக்குகளைப் பராமரிப்பது பெரிய தொகையுள்ள பத்துக் கணக்குகளைவிடச் செலவு மிக்கது என்பதால், வழக்கமான விகிதங்களில் இத்தகைய பணி குறையாகத் தெரியும். சிறு தொழிலுக்குப் போன நிதி, கர்ளு ஹசன் என்னும் வட்டியில்லா உதவிக் கடன், முறையாகக் கணக்கிட்ட ஜகாத் என்னும் கட்டாய தர்மம் ஆகியவற்றையும் விளைவுப் பட்டியலில் சேர்த்து அளக்கும் ஆய்வுகள் பெருக வேண்டும். மீன் பிடிக்கும் வலையில் தண்ணீர் அளக்க முடியாது.

அதே சமயம், "சமூக நோக்கம்" என்ற சொல்லுக்குப் பின்னால் சோம்பலை மறைக்கவும் கூடாது. வீண்விரயம் மார்க்கத்தில் தடுக்கப்பட்டது. வைப்பாளர் பணத்தில் நடக்கும் வீண்விரயம் இன்னும் கடுமையாகக் கேட்கப்பட வேண்டியது.

சாதாரண வைப்பாளர் தன் வங்கியின் திறமையை எப்படி அறிந்துகொள்வது?

ஆண்டறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். வைப்பாளர் பங்கு போக எஞ்சும் வருமானத்தைக் கண்டுபிடித்து, அதில் நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு. பிறகு நிதியுதவி எந்தெந்த ஒப்பந்தங்களில் போயிருக்கிறது என்ற அட்டவணை. தவர்ருக் பங்கு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போனால், செலவு விகிதம் இறங்கியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். லாபச் சமன்பாட்டு ஒதுக்கீட்டில் எடுத்ததும் போட்டதும் எவ்வளவு என்று பாருங்கள். வாராக்கடன் விகிதத்தை அதே நாட்டின் மற்ற வங்கிகளோடு ஒப்பிடுங்கள்.

கடைசியாக ஷரீஆ குழுவின் அறிக்கை. பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கம்தான் இருக்கும்; பலர் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஷரீஆவுக்கு முரணாகக் கிடைத்ததால் அறக்கொடைக்கு ஒதுக்கிய தொகை அதிலோ கணக்குக் குறிப்புகளிலோ தரப்பட்டிருக்கும். தாமதக் கட்டணத்திலிருந்து வந்ததைத் தனியே கழித்துவிடுங்கள். எஞ்சிய தொகை ஆண்டுக்கு ஆண்டு ஏறினால் கிளைகளில் ஒப்பந்த வரிசை தவறுகிறது என்று சந்தேகிக்க இடமுண்டு. எந்த வகை ஒப்பந்தத்தில், எந்தப் படியில் பிழை நேர்ந்தது, அதைத் தடுக்க என்ன செய்தார்கள் என்று வங்கிக்கு எழுதிக் கேளுங்கள். முளாரபா கணக்கு வைத்திருப்பவர் பங்காளி; இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் பெற அவருக்கு உரிமை இருக்கிறது.